வெள்ளரிப் பிஞ்சுக்கு இருக்கும் மரியாதை

போன வாரத்து மழையில் எங்கள் சம்பந்தியின் போனை நான் வேண்டுமென்றே துண்டித்துவிட்டேன் என்று உறவு வட்டத்தில் ஒரு பேச்சு நடமாடுகிறது. துண்டித்தது நானல்ல, மழை.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறேன். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் காந்தி மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பை. சட்டைப் பைக்குள் போன் அலறுகிறது. காய்கறிப் பையை முழங்கைக்கு ஏற்றி, குடைக் கம்பைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எடுத்துப் பார்த்தால் சம்பந்தி. பச்சை வட்டம் ஒன்று, சிவப்பு வட்டம் ஒன்று. பச்சையைத் தள்ள விரலை நீட்டினேன். அதற்குள் குடை நுனியிலிருந்து ஒரு துளி சிவப்பின் மேல் விழுந்து, அப்படியே ஓரமாக வழிந்தது. போன் அதை என் முடிவாக எடுத்துக்கொண்டது.

மறுபடி அழைத்தார். நான் எவ்வளவு இழுத்தும் அசையாத பச்சை வட்டத்தை அடுத்த துளி அலட்டிக்கொள்ளாமல் இழுத்துவிட்டது. இழுத்ததோடு நிற்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டது, என் பக்கத்துச் சத்தத்தை மியூட்டில் வைத்தது. சம்பந்தி பேசுவது துறையூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிறது; நான் கத்துவது மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. “எடுத்துட்டாரு, ஆனா பேச மாட்டேங்கிறாரு. நம்ம மேல ஏதோ மனத்தாங்கல் போல” என்று அவர் தன் வீட்டம்மாவிடம் சொன்னதைக் கேட்டுத் துறையூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். “பேசிடுங்க சார், சம்பந்தம்னா நாலும் இருக்கும்” என்று ஒரு பெரியவர் எனக்குச் சமாதானம்கூடச் சொன்னார்.

இந்தச் சூடு ஆறுவதற்குள் மச்சினனிடமிருந்து தகவல். “மாமா, புதுசா போன் வாங்கப் போறேன். நீங்க வச்சிருக்கிற மாடலே வாங்கலாமான்னு பாக்குறேன். ப்ளஸ் என்ன, மைனஸ் என்னன்னு நாலு வரி எழுதி அனுப்புங்க.”

வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் ப்ளஸ், மைனஸ் கேட்டால் விடுவானா? ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை. திரை, கேமரா, பேட்டரி, நினைவகம், ஒலி, எடை, விலை என்று ஓரமாகத் தலைப்புகளையும் எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்தக் கட்டுரை முடிவதற்குள் அந்த போனை வாங்கலாமா, கூடாதா என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் திரை.

திரை பெரியது, பளிச்சென்று இருக்கிறது, வெயிலிலும் ஓரளவு தெரிகிறது. இதெல்லாம் நிறை. குறை ஒன்றுதான். நான் தொட்டால் அதற்குத் தெரிவதில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று மகனிடம் கேட்டேன். அவன் சொன்னதில் பாதி புரியாமல், மீதியை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணாடிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாதபடி, மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு. அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், அந்தக் கோடுகளைச் சுற்றிச் சின்னதாக ஒரு மின்புலம். மனித உடம்பு உப்பும் தண்ணீருமாக இருப்பதால் அதுவும் மின்சாரம் கடத்தும். விரல் கிட்டே போனதும் மின்புலம் கொஞ்சம் குலைகிறது. எந்த இடத்தில் குலைந்தது என்று கணக்குப் பார்த்து, ‘இங்கேதான் தொட்டான்’ என்று போன் முடிவு செய்கிறது. இதில் அழுத்தத்துக்கு வேலையே இல்லை. மலரைத் தொடுவதுபோல் தொட்டாலும் ஒன்றுதான், மாவாட்டுவதுபோல் அழுத்தினாலும் ஒன்றுதான்.

அது தெரிந்த பிறகும் நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? முதலில் லேசாகத் தொடுகிறோம். பிறகு கொஞ்சம் அழுத்தித் தொடுகிறோம். அப்புறம் கட்டைவிரலை வைத்து நசுக்குகிறோம். அதற்கும் மசியாவிட்டால் திரையை வேட்டியில் தேய்த்து, விரலையும் வேட்டியில் தேய்த்து, ஃபூ என்று ஒரு தடவை ஊதிவிட்டு, கடைசியில் போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிறோம். பின்பக்கத்தில் என்ன இருக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ தெரியாது. எல்லோரும் பார்க்கிறோம்.

அழுத்தத்துக்கு மசியும் திரைகளும் இருந்தன. மேலே ஒரு படலம், கீழே ஒரு படலம். அழுத்தினால் இரண்டும் ஒட்டும். 2008இல் வந்த நோக்கியா 5800 அந்த வகை. நகத்தால் கீறினாலும் கேட்கும், பேனா மூடியால் குத்தினாலும் கேட்கும். ஆள் யார் என்று அது பார்க்காது. இப்போதைய திரைக்குத்தான் தொடுவது உயிருள்ள உடம்பா, ஈரப்பசை போதுமா என்றெல்லாம் விசாரணை.

என் விரல் அந்த விசாரணையில் தேறாது. இதில் போனை மட்டும் குறை சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை நோட்டு எண்ணிய விரல் இது. ஒரு கட்டுக்கு நூறு நோட்டு, பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பண்டில். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் கணக்கு டேலி ஆகும்வரை கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் காந்தி ஓடிக்கொண்டே இருப்பார். அந்தக் காலத்தில் கட்டுகளுக்குப் பின் வேறு அடித்து வரும். 2001இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுத்தான் பின் அடிப்பது நின்றது. அதுவரை பின்னைப் பிடுங்கிப் பிடுங்கி விரல் நுனி காய்த்துப்போயிருந்தது. ரேகை என்று பெயருக்கு ஏதோ இருக்கும். அப்படிக் காய்த்து உலர்ந்த தோலைப் பல தொடுதிரைகள் கண்டுகொள்வதில்லை. வயல் வேலை, கட்டட வேலை, தறி வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இதே கதையைச் சொல்வார்கள். வேலை பார்த்த கைக்கு இந்தத் திரையில் மதிப்பில்லை.

ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டும். கணினி மையம் ஒன்றில் ரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். இயந்திரம் ஏற்கவில்லை. இன்னொரு விரல், இன்னொரு கை. “சார், உங்க விரல் எதுவுமே விழ மாட்டேங்குது” என்றார் அங்கிருந்த பெண், மருத்துவர் முகபாவத்தோடு. கடைசியில் முகத்தைக் காட்டித்தான் உயிரோடு இருப்பதை நிரூபித்தேன். அந்த இயந்திரம் வேறு, போன் திரை வேறு என்று மகன் விளக்கினான். இருக்கட்டும். இரண்டும் என் விரலைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான் வைத்திருக்கின்றன.

இந்த நிலையில்தான் கொரியாக்காரர்களின் செய்தி என் கண்ணில் பட்டது. 2010ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தென் கொரியாவில் கையுறையைக் கழற்ற மனமில்லாத மக்கள், கடையில் விற்கும் சின்ன இறைச்சிக் குழல்களை, சாசேஜ் என்பார்களே, அதை வைத்துத் திரையைத் தொட ஆரம்பித்தார்களாம். சாசேஜிலும் உப்பு உண்டு, ஈரம் உண்டு. திரைக்கு அது போதும். இதைப் படித்ததும் எனக்கு ஒரு ஞானம் வந்தது. நேராக அடுப்படிக்குப் போனேன்.

முதலில் வெள்ளரிப் பிஞ்சு. நுனியை நறுக்கிவிட்டுத் திரையில் வைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், தொட்ட மாத்திரத்தில் பூட்டுத் திரை விலகி, எண்களைக் கேட்டது. எண்களையும் பிஞ்சாலேயே குத்தினேன், ஒன்று பிசகவில்லை. என் போன் எனக்குத் திறக்கவில்லை, ஐந்து ரூபாய் வெள்ளரிப் பிஞ்சுக்குத் திறந்துவிட்டது. அடுத்தது கேரட். சுறுசுறுப்பான காய், ஆனால் நுனி கூர்மையாக இருந்தால் தொட்டதே தெரிவதில்லை. கொஞ்சம் மழுங்கலாக வெட்ட வேண்டும். வாழைப்பழம் தோலோடு வேலை செய்தது. அதன் வளைவு கைக்கு அடக்கமாகவும் இருந்தது. தள்ளுவதற்கு, இழுப்பதற்கு அதைவிட வாகானது இல்லை. உருளைக்கிழங்கு நன்றாகத்தான் தொட்டது, ஆனால் தொடுமிடத்தில் பாதி எண்களைச் சேர்த்துத் தொட்டது. வெண்டைக்காய் தொட்டுவிட்டுக் கொழகொழப்பையும் விட்டுவிட்டுப் போனது. போன் அந்தக் கொழகொழப்பையும் ஒரு விரலாக எண்ணிக்கொண்டு தானாகப் படம் பிடிக்க ஆரம்பித்தது. காய்ந்த மிளகாய் சுத்தமாக எடுபடவில்லை. என் இனம். பார்த்ததும் அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

இவை எல்லாவற்றிலும் முதலிடம் முருங்கைக்காய்க்கு. அடிப்பகுதியைப் புதிதாக நறுக்கிவிட்டுக் கையில் பிடித்தால், ஈசிச்சேரில் படுத்தபடியே, எட்டி முக்காலியின் மேல் கிடக்கும் போனில் அழைப்பை ஏற்கலாம், துண்டிக்கலாம், செய்திகளைப் புரட்டலாம். நான் அப்படிப் படுத்துக்கொண்டு இரங்கல் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி வந்தாள்.

“என்னங்க, சாம்பாருக்குக் காய் எங்கே?”

“வேலையா இருக்கு.”

“யாரு, நீங்களா?”

“காய்.”

அன்று சாம்பார் வெங்காயச் சாம்பாராகிவிட்டது. முருங்கைக்காயின் குறை என்று பார்த்தால், இரண்டு நாளில் வாடிவிடும். வாடியதும் அதுவும் என்னைப்போல் ஆகிவிடுகிறது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போகவும் முடியாது. போகலாம், ஆனால் சம்பந்தி வீட்டு ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் இருக்கிற பேச்சு போதாதென்று இன்னொரு பேச்சு கிளம்பும்.

காய்கறியாவது போகட்டும். பல்லிக்கு இருக்கும் மரியாதைகூட எனக்கு இல்லை. ஹவாய்த் தீவில் கோனா என்ற இடத்தில் சீல் என்கிற கடல்விலங்குகளுக்கு ஒரு மருத்துவமனை இருக்கிறது. 2018இல் அங்கிருந்து பலருக்கும் போன் மேல் போன் போயிற்று. எடுத்தால் எதிர்முனையில் சத்தமே இல்லை. சீலுக்கு ஏதோ ஆபத்து என்று பதறித் தேடிப் பார்த்தால், தொடுதிரை போன் மேல் ஒரு பல்லி உட்கார்ந்து, காலால் எண்களைத் தட்டி, அழைப்புப் பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நம் பஞ்சாங்கங்களில் பல்லி தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். போனில் விழுந்தால் என்ன பலன் என்று இதுவரை யாரும் போடவில்லை. அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்: ‘செல்போன் – வீண் பேச்சு, பந்து ஜன விரோதம்.’

இந்த விரல் விவகாரத்துக்கு மூலம் எங்கே என்று தேடினால் இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மால்வெர்ன் என்ற ஊரில் அரசு ராடார் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஈ. ஏ. ஜான்சன், 1965இல் விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரிகளுக்காக யோசித்தது. நல்ல காரியம்தான். அந்த அதிகாரிகள் அறைக்குள் உட்கார்ந்திருப்பார்கள், மழையில் நனைய மாட்டார்கள், தேங்காய் துருவிவிட்டு வந்து விமானத்தைத் தொட மாட்டார்கள். 1994இல் ஐபிஎம் நிறுவனம் சைமன் என்று ஒரு தொடுதிரை போன் விற்றது, செங்கல் கனம். பிறகு 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி ஐபோனைக் காட்டினார். தொடுவதற்கென்று ஒரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதைக் கிண்டல் செய்துவிட்டு, மனிதன் பிறக்கும்போதே பத்துக் குச்சிகளோடுதானே பிறக்கிறான் என்கிற மாதிரிப் பேசினார். கூட்டம் கைதட்டியது. அவர் மேதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கேஷ் கவுண்டரில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பொத்தான் போனில் தொட்டது நமக்குத் தெரியும். விரலுக்குக் கீழே ஏதோ ஒன்று அமுங்கித் திரும்பி வரும். ஐந்தாம் எண்ணின் மேல் சின்ன மேடு இருக்கும். அதைத் தடவிப் பார்த்தால் மற்ற எண்கள் எங்கே என்று இருட்டிலும் தெரியும். 2003இல் வந்த நோக்கியா 1100 உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்றது. தலையில் ஒரு டார்ச், தூசு புகாத ரப்பர் பொத்தான்கள். அவ்வளவுதான் அதன் வசதிகள். சட்டைப் பைக்குள்ளேயே கையை விட்டு, வெளியில் எடுக்காமலே அழைப்பை நிறுத்தலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வரிப் பிரச்சினை, கைமாற்றல் என்று காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கான பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு பொத்தானுக்காக யாரும் வாதாடவில்லை.

நோட்டில் இன்னும் திரையைத் தாண்டவில்லை. வேகமாகப் போகலாம்.

எழுதுவது. விரல் நுனி அகலத்துக்குக் கீழே இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கின்றன. எதைத் தொட்டோம் என்பதைப் போன் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கிறது. குடியிருப்போர் குழுவில் ஒருவரின் தாயார் காலமான செய்தி வந்தது. கைகூப்பும் படத்தைத் தொட்டேன். பக்கத்தில் இருந்த கைதட்டும் படம் போனது. நீக்கப் போய், அதே படம் இன்னொரு தடவை போனது. குழுவில் இருநூறு பேர். அன்று முழுவதும் ஒருவரும் என்னோடு பேசவில்லை. தமிழ்த் தட்டச்சு வேறு தனி அவதி. நான் ஒரு வார்த்தையை ஆரம்பித்தால் அது மூன்று வார்த்தைகளை முன்மொழிகிறது, மூன்றும் நான் வாழ்நாளில் எழுதாதவை.

பணம் கட்டுவது. காய்கறிக்காரம்மாவிடம் நாற்பது ரூபாய். நாலைத் தொட்டேன், பூஜ்யத்தைத் தொட்டேன், பூஜ்யம் விழவில்லை என்று நினைத்து மறுபடி தொட்டேன். அவர் கடையிலிருந்த ஒலிப்பெட்டி ‘நானூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று தெருவுக்கே அறிவித்தது. அந்த அம்மா நேர்மையானவர். மீதியை அன்றே கொடுத்துவிட்டார், காய்கறியாக. என் முருங்கைக்காய் ஆராய்ச்சிக்கு அதிலிருந்துதான் சரக்கு வந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

காதில் வைத்துப் பேசுவது. காதருகே போனதும் திரை அணைந்துவிடும்படி மேலே ஓர் உணரி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அது தூங்கிவிடும் நேரத்தில் கன்னம் பேச ஆரம்பிக்கிறது. என் கன்னம் இதுவரை வீடியோ அழைப்பு போட்டிருக்கிறது, கால்குலேட்டரைத் திறந்திருக்கிறது, பேசிக்கொண்டிருந்தவரையே தடைப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. நோட்டு எண்ணாத கன்னம் அல்லவா, அதை மட்டும் உடனே புரிந்துகொள்கிறது.

கண்ணாடி. சோடியம் உள்ள கண்ணாடியைச் சூடான பொட்டாசியம் உப்புக் குளியலில் போடுவார்கள். சின்ன சோடியம் அயனிகள் வெளியே வர, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் இடித்துக்கொண்டு உட்கார, மேற்பரப்பு இறுகி உறுதியாகிறது. டவுன் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் நாலு பேர் உட்கார்ந்தால் யாரும் ஆடமாட்டார்களே, அந்தத் தத்துவம்தான். இவ்வளவு செய்து கண்ணாடியைப் பலப்படுத்தி அனுப்புகிறார்கள். நாம் கடையிலிருந்து இறங்குமுன்பே, அதைக் காப்பாற்ற அதன் மேல் ஒரு டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறோம். அதையும் காப்பாற்ற ஒரு மூடி போட்ட பவுச். ஏற்கெனவே என்னைத் தெரியாத திரைக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு சுவர்.

நிறைப் பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காக உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை அட்டையின் பின்பக்கம் காலாவதித் தேதியை எறும்புக்குக்கூடத் தெரியாத எழுத்தில் அச்சடிக்கிறார்களே, அதைப் படம் பிடித்து, இரண்டு விரலால் விரித்துப் பார்த்தால் வீட்டுச் சுவர்க் காலண்டர் அளவுக்குத் தெரிகிறது. மின்கட்டண ரசீது, பேருந்து நேரப் பலகை, பேத்தி அமெரிக்காவிலிருந்து அனுப்பும் பல் விழுந்த சிரிப்பு எல்லாவற்றையும் அப்படித்தான் பார்க்கிறேன். இதற்காகவே இந்தச் சனியனை வெளியே தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன். விரித்த படம் அடுத்த நொடி குதித்து வேறெங்கோ போய்விடும் என்பது வேறு விஷயம்.

கேமராவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 108 மெகாபிக்சல் என்று விளம்பரம் போட்ட போன்களும் உண்டு. அவற்றில் பல, சாதாரணமாக எடுக்கும்போது ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகின்றன. அதையும் வாட்ஸ்அப் நசுக்கி அனுப்புகிறது. அந்தப் பக்கம் பார்ப்பவர் ‘யாருப்பா இது?’ என்று கேட்கிறார்.

திரை சரியில்லையோ என்று பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். கடைப் பையனுக்கு இருபது வயது இருக்கும். என் கையிலிருந்து போனை வாங்கி, பூப்போலத் தொட்டான். என்ன சொன்னானோ அதெல்லாம் செய்தது. “போன்ல ஒண்ணும் இல்ல சார்” என்றான். பிறகு என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “தோல் ரொம்ப டிரை சார். செட்டிங்க்ஸ்ல டச் சென்சிட்டிவிட்டி கூட்டி வச்சிருக்கேன். அப்பவும் எடுக்கலன்னா விரலை லேசா ஈரம் பண்ணிக்கங்க.”

லேசாக என்றால் எவ்வளவு? இதை அவன் சொல்லவில்லை, போனோடு வந்த கையேட்டிலும் இல்லை. ஈரமே இல்லாவிட்டால் நான் ஆளே இல்லை. ஒரு துளி கூடினால் அந்தத் துளி ஆளாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில், வெள்ளரிப் பிஞ்சின் அளவுக்கு ஈரமாக ஒரு மனிதன் நாள் முழுவதும் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தேன். அந்த அளவு ஈரத்தை விரலுக்குத் தருவதற்கென்றே ஏற்கெனவே ஒரு சாதனம் இருக்கிறது. என் வாழ்க்கையே அதன் பக்கத்தில்தான் போயிற்று. பரணிலிருந்து என் பழைய ஸ்பாஞ்சு டப்பாவை இறக்கி, கழுவி, தண்ணீர் விட்டு, போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். நோட்டு எண்ணுவதுபோல் விரலை ஒரு ஒற்று ஒற்றிவிட்டுத் தொட்டால் திரை சொன்னபடி கேட்கிறது. ஆக, இருபத்தைந்தாயிரம் ரூபாய் போன் வேலை செய்வதற்கு இருபது ரூபாய் டப்பா தேவைப்படுகிறது. இதை விற்பவர் யாரும் வசதிகளின் பட்டியலில் போடமாட்டார்கள்.

இதையெல்லாம் மச்சினனுக்கு எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தபோது அவனே கூப்பிட்டான். “மாமா, வாங்கிட்டேன். உங்க மாடல்தான். மாசத் தவணை. கேமரா சூப்பர் மாமா” என்றான். நான் போட்ட கணக்கில் கேமராவுக்கு ஒரு வரிகூட இல்லை. பேட்டரி, நினைவகம், ஒலி, எடை, விலை என்ற தலைப்புகளுக்கு எதிரே இடம் காலியாகவே இருக்கிறது. யாருக்காவது பயன்படுமென்றால் நிரப்பிக்கொள்ளலாம்.

போன் தயாரிப்பவர்கள் யாராவது தமிழ் படிப்பவர்களாக இருந்தால் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பின்பக்கம் மூன்று, நான்கு என்று கேமரா வைக்கிறீர்கள். அதில் ஒன்றைக் கழற்றிக்கொள்ளுங்கள். எனக்கு மடங்கும் திரை வேண்டாம், என் குரலைக் கேட்டுக் கவிதை எழுதும் அறிவும் வேண்டாம். திரைக்குக் கீழே அமுக்கினால் அமுங்குகிற, அமுங்கியது விரலுக்குத் தெரிகிற, மழையில் நனைந்தாலும் தன் வேலையை மட்டும் பார்க்கிற இரண்டு பொத்தான்கள் வையுங்கள். எடுக்கப் பச்சை, வைக்கச் சிவப்பு. அதற்காக ஐந்நூறு ரூபாய் கூடுதலாக விலை போட்டாலும், ரொக்கமாகவே எண்ணித் தருகிறேன்.